மணியடித்து நடந்த ஒரு கோடை

1978-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் எனக்கு என் கணவர்மேல் பொறாமை வந்தது. என் பிள்ளைகள் இரண்டு பேரையும் பகல் முழுக்க அவர் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மிஞ்சியது சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும். இதை அப்போது யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் சிரித்திருப்பார்கள்.

அவர் டெல்லியில் புசா ரோடு பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. மே பாதியில் பள்ளிக்கூடத்தை மூடினால் ஜூலையில்தான் திறப்பார்கள். எனக்கோ சனிக்கிழமைகூட வேலை நாள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் வந்தது 1985-இல். அதற்கு முன்னால் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஒன்றுதான் விடுமுறை. இப்போதைய இளைஞர்கள் இதை நம்புவதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அதற்கு முந்தைய வருஷங்களில் கோடை வந்தால் நானும் ஒரு மாதம் விடுப்பு எடுப்பேன். நால்வரும் ரயிலேறித் திருநெல்வேலி போய்விடுவோம். அந்த வருஷம் எங்கள் பிரிவை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். கோப்புகளை மூட்டை கட்டி, அங்கே கொண்டுபோய் அவிழ்த்து அடுக்கும்வரை யாருக்கும் நீண்ட விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எடுத்திருந்த டிக்கெட்டுகளை ரத்து செய்தோம்.

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான்தான் வீட்ல இருக்கேன்லா. நீ பாட்டுக்கு ஆபீஸுக்குப் போ. பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன்" என்றார் என் கணவர்.

நாங்கள் கரோல் பாகில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் வீட்டில் மாடிப் பகுதியில் குடியிருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த குறுகலான பால்கனி. பெரியவளுக்கு ஏழு வயது; இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். சின்னவனுக்கு நான்கு, பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கவில்லை. ஏர்கூலர் வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி, அதன்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்போம். அனல்காற்று அதில் நுழைந்து வரும்போது கொஞ்சம் குளிர்ந்து, மணத்தோடு வரும்.

முதல் வாரம் அவர்மேல் எனக்குப் பரிதாபம்தான் இருந்தது. சோறு, குழம்பு எல்லாம் செய்து மூடிவைத்து, எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போவேன். சனிக்கிழமைக்குள் கையெடுத்துக் கும்பிட்டு, 'நீயாச்சு, உன் பிள்ளைகளாச்சு' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சனிக்கிழமை நான் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். மூன்று பேர் முழங்கையிலும் சாறு வழிந்தது. என்னைப் பார்த்ததும் சின்னவன், "அம்மா, தள்ளி நில்லு, இது மாம்பழ பீரியட்" என்றான்.

அன்றைக்குத்தான் தெரிந்தது, என் கணவர் வீட்டிலும் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்பது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தாம்பாளத்தைச் சமையலறைக் கதவில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, கரண்டியால் அடித்து மணி எழுப்புவார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பீரியட். காலையில் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் வாளிகளை நிரப்புவது தண்ணி பீரியட். தட்டியை நனைப்பது தட்டி பீரியட். தெருவில் ஐஸ்காரன் சாக்கு போர்த்திய வண்டியோடு வந்தால் பரஃப் பீரியட். கீழே ஓடிப்போய் ஒரு துண்டு வாங்கி வந்து எலுமிச்சைச் சாற்றில் போடுவார்கள். மத்தியானம் தூக்க பீரியட். பிறகு கதை பீரியட்.

இவற்றுக்கு நடுவில் சண்டை பீரியட் என்று ஒன்று வைத்திருந்தார். அண்டை வீட்டார் எல்லாரும் கேட்டுக் கேட்டு வியந்தது இதைத்தான். பிள்ளைகள் எந்த நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டாலும், "இப்ப கணக்கு பீரியட். சண்டையப் பத்திரமா வச்சுக்கோங்க, மணி அடிக்கும்போது போடலாம்" என்பார். மணி அடிக்கும்போது பாதிச் சண்டை மறந்துபோயிருக்கும். மீதியை நடு அறையில் எதிரும் புதிருமாக நின்று வெகு ஒழுங்காகப் போடுவார்கள்.

இதையெல்லாம் அவர் ஒரு தாளிலும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் அவர் வாயிலும் பிள்ளைகளின் மண்டையிலும் இருந்தன. நாள், கிழமை தவறாமல் எதையும் குறித்துவைக்கிறவள் நான். முதல் அனல்காற்று எந்தத் தேதியில் அடித்தது, முதல் தூறல் எப்போது விழுந்தது என்பதை வருஷா வருஷம் எழுதுவேன். என் வீட்டுக்குள்ளேயே ஒரு அரசாங்கம் எனக்குத் தெரியாமல் நடக்கிறது என்றால் எப்படி இருக்கும்?

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி நாகர்கோவில் பெண். அவள் பிள்ளைகள் விடுமுறையில் பக்கத்து வீட்டுச் சுவரேறி விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒனக்கென்ன, குடுத்து வச்சவ. எங்க வீட்டுக்காரருக்குப் பிள்ளைகள் எந்தக் கிளாஸ் படிக்கிதுன்னே தெரியாது" என்றாள். கீழ் வீட்டு அம்மா ஒருபடி மேலே போனார். மாடிப்படியில் என்னை மறித்து, "ஆப்கே மாஸ்டர்ஜி தோ பூரே மம்மி பன் கயே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வாத்தியார் முழு அம்மாவாகவே ஆகிவிட்டாராம். நானும் சிரித்தேன். படியேறும்போது, அப்படியென்றால் நான் யார் என்று கேட்டுக்கொண்டேன்.

ஜூனில் பெரியவளுக்கு முதல் பல் விழுந்தது. மேல் வரிசையில் ஓட்டையைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப விழுந்துது?" என்று கேட்டேன்.

"நேத்துன்னு நெனைக்கேன்" என்றார் அவர்.

"நேத்து சாயங்காலம் நான் பாக்கும்போது இருந்துச்சே."

"அப்ப இன்னிக்குத்தான். ஆமா, பரஃப் கடிக்கும்போது. இல்ல, அது போன தடவ ஆடினது... ஏட்டி, எப்பட்டி விழுந்துது?"

"மூணாவது பீரியட்ல" என்றாள் அவள்.

"பல்லு எங்க?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்புக்குக் காரணம் கேட்டால் சின்னவன், "அது உனக்குப் புரியாதும்மா" என்றான். பல்லை வைத்து ஏதோ செய்திருக்கிறார்கள். என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பழைய ராஜாக்களின் சரித்திரக்காரர்களில் சிலர் போர்க்களத்தின் பக்கமே போகாமல், வந்தவர் போனவர் சொன்னதைக் கேட்டுப் போரை எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது அவர்களை ஏளனமாக நினைத்திருக்கிறேன். என் மகளின் முதல் பல்லை நானும் அப்படித்தான் எழுத வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவன் படியில் தடுக்கி விழுந்தான். நான் இரண்டு படி மேலே நின்றுகொண்டிருந்தேன். கையை நீட்டினால் தொடலாம். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. தமிழ் பேசுகிற பிள்ளை அடிபட்டால் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் வாயில் முதலில் வருவது 'அம்மா' என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவன் "அப்பா!" என்று வீரிட்டான். எழுந்து என் புடவையைத் தள்ளிக்கொண்டு மேலே ஓடினான். அவர் குளித்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி அழுதான். நான் தூக்கப் போனபோது கால்களை உதைத்தான்.

அவர் ஈரத் துண்டோடு வந்து, "என்னலே, ராஜாவுக்கு மீசைல மண்ணா?" என்று கேட்டதும் அழுகை நின்றுவிட்டது.

அன்று முழுக்க அவரோடு நான் சரியாகப் பேசவில்லை. அவருக்குக் காரணம் தெரியவில்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று தான் சொன்னதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, "உப்பு சரியாத்தான் இருக்கு" என்று இரண்டு முறை சொன்னார்.

மறுநாளே ஒரு நாள் தற்செயல் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் என்றால் மறுக்க மாட்டார்கள். புதன்கிழமை கிடைத்தது. ஒரு முழுப் பகல் என் பிள்ளைகள் என்னோடு இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவரிடம், "நாளைக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். பேசாம படுத்துக்கிட்டுப் பேப்பர் படிங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"பள்ளிக்கூடம்?"

"பள்ளிக்கூடத்தையும் நானே நடத்துதேன்."

"அச்சா" என்றார். உதட்டோரத்தில் சிரித்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்தேன். பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று வாளி, அண்டா, குடம் எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். தட்டியைச் சொட்டச் சொட்ட நனைத்தேன். பூரிக்கு மாவு பிசைந்தேன். பிள்ளைகள் எழுந்து பல் தேய்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு குவளையை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்து நின்றார்கள். நான் பெருமையாக, "எல்லாம் ரொம்பியாச்சு. நீங்க பூரி சாப்பிட வாங்க" என்றேன்.

சின்னவன் அண்டாவை எட்டிப் பார்த்தான். தளும்பத் தளும்ப இருந்தது. அவன் உதடு பிதுங்கியது. "மேரி பாரி தீ" என்று அழுதான். அன்றைக்கு அண்டாவில் முதல் குவளை ஊற்றுவது அவன் முறையாம். ஒரு நாள் அக்கா, ஒரு நாள் தம்பி என்று விதி.

"தட்டி பீரியடாவது இருக்கா?" என்று கேட்டாள் பெரியவள். ஜன்னலைப் பார்த்தாள். "அதுவும் போச்சு" என்றாள், அப்பா குரலிலேயே.

கட்டிலில் படுத்திருந்தவர் பேப்பரை இறக்கவே இல்லை. இறக்கி ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும்.

பத்து மணிக்கு மேல் இரண்டு பேரும் நடு அறையில் கட்டிப் புரண்டார்கள். பெரியவள் தம்பியின் தலைமுடியைப் பிடித்திருந்தாள். அவன் அவள் கையைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் இருவரையும் பிரித்து, பெரியவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

"சின்னப் பையன்கிட்டயா ஒன் வீரத்தக் காட்டுத?"

அடிபட்டவள் அழவில்லை. திகைத்துப்போய்ப் பார்த்தாள். கடித்துக்கொண்டிருந்தவன் அக்காவுக்கு முன்னால் வந்து நின்று, "அம்மா! இது சண்டை பீரியட்!" என்று கத்தினான்.

"மணி அடிக்கலியே?"

"நீதானே அடிக்கணும்! நீ அடிக்கவே இல்ல! நாங்களே ஆரம்பிச்சுட்டோம்."

இருவரும் கைகோத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார்கள். புகார் கொடுக்கிற தோரணையில் பெரியவள் சொன்னாள்: "அப்பா, அம்மா சண்டை பீரியட்ல உள்ள வந்துட்டா."

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "புது டீச்சர்லா. போகப் போகப் பழகிருவாங்க."

கதை பீரியடில் மீட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். கதை, சரித்திரமெல்லாம் நான் படித்திருக்கிற அளவுக்கு அவர் படித்தவரல்ல. அவருக்குக் கணக்கும் செய்தித்தாளும் போதும். டெல்லியிலிருந்து தலைநகரையே தெற்கே மாற்றி, ஜனங்களை நடத்தியே கூட்டிக்கொண்டு போன சுல்தானின் கதையை எடுத்தேன். வருஷம் முதற்கொண்டு சரியாகச் சொன்னேன். மாட்டு வண்டிகளையும் வழியில் தாகத்தில் விழுந்தவர்களையும் நன்றாகவே சொன்னதாக இப்போதும் நினைக்கிறேன்.

"நாங்க எப்ப வருவோம்?" என்று இடையில் கேட்டான் சின்னவன்.

"எங்க?"

"கதைல. அப்பா கதைல நாங்க வருவோம். நான் இன்ஜின் ஓட்டுவேன். தீதி கொடி காட்டுவா." அக்காவை அவன் தீதி என்றுதான் கூப்பிடுவான்.

"இது நெசமா நடந்த சரித்திரம்டா. அப்ப நீ பொறக்கவே இல்ல."

"அப்ப அப்பா கதையே சொல்லட்டும்" என்று எழுந்து போய்விட்டான். பெரியவள் மரியாதைக்காகக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மத்தியானம் மூன்று பேரும் தட்டிக்கு நேரே வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். சின்னவன் அவர் வயிற்றின்மேல் காலைப் போட்டிருந்தான். நான் ஜன்னலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றேன். நாளைக்குக் காலையில் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும், இந்த வீட்டுப் பகல் என்னுடையதல்ல என்று தோன்றியது. ஒரு தாய்க்கு இப்படித் தோன்றலாமா என்றெல்லாம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

வெயில் சாய்ந்த பிறகு அவர் எழுந்து முகம் கழுவினார். பிள்ளைகளின் முகத்தையும் கழுவி, தலைவாரி, பவுடர் போட்டார். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கரண்டியை எடுத்துத் தாம்பாளத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். சண்டை பீரியடுக்குக்கூட அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். இருவரும் பால்கனிக்குப் பாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சின்னவன் கம்பிக்கு நடுவில் மூக்கை நுழைத்தான்.

"இது என்ன பீரியட்?" என்று கேட்டேன்.

"பஸ் பீரியட்" என்றாள் பெரியவள், திரும்பாமலே.

எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் தெருமுனையில் பஸ் நிறுத்தம் தெரியும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் வெயிலுக்குத் தலைப்பை முக்காடாகப் போட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு வீடு வந்து சேருகிறவள். ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. படியேறும்போது கதவு திறந்தே இருக்கும். காற்றுக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"தெனமுமா நிப்பாங்க?"

"தெனமும்தான்" என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "நாள் பூரா தொண்டத் தண்ணி வத்தக் கத்துதது நான். ஆனா இந்த மணி அடிச்சாச்சுன்னா நான் இருக்கேனா செத்தேனான்னு ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டான். பஸ் லேட்டானா அதுக்கும் நான்தான் திட்டு வாங்கணும். போன வாரம் நீ வர நேரமாச்சுல்லா, இவன் என் கையக் கடிச்சு வச்சுட்டான். இந்தா பாரு." மணிக்கட்டைக் காட்டினார். பல் தடம் மங்கலாக இருந்தது. அதைக் காட்டிய விதத்தில் இருந்த மனத்தாங்கல் எனக்கு நன்றாகப் பழக்கமானது. ஒரு மாதமாக நானும் அதோடுதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நான் சின்னவன் பக்கத்தில் போய்க் குந்தினேன். "யாருக்குடா நிக்க? நான்தான் இங்கயே இருக்கேனே."

என்னை ஒரு தடவை பார்த்தான். மறுபடி தெருமுனைக்குத் திரும்பிவிட்டான். "நீ இல்ல. பஸ்ல வர்ற அம்மா."

"ரெண்டும் ஒரே அம்மாதான்டா."

"நஹீ. அந்த அம்மா."

பெரியவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் கம்பியை விடவில்லை. ஒரு பஸ் வந்து நின்று போனது. இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். "இதுல இல்ல. அடுத்ததுல வருவா" என்றாள் தம்பியிடம்.

அதுவரை அவர்மேல் இருந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல, அந்தப் பொம்பளைமேல் எனக்கு அப்போது பொறாமை வந்தது. முக்காடும் கைப்பையுமாக வியர்த்து வழிந்து, நின்று நின்று கால்வலியோடு இறங்குகிறவள். ஒன்றும் செய்யாமலே இரண்டு பிள்ளைகளையும் கம்பியில் கட்டிப்போட்டிருந்தாள். நானோ காலையிலிருந்து தண்ணீர் நிரப்பி, பூரி சுட்டு, சுல்தானை வேறு நடக்கவைத்தும் அவளுக்கு ஈடாக முடியவில்லை.

உள்ளே போனேன். வீட்டுப் புடவையை மாற்றி அலுவலகப் புடவையைக் கட்டினேன். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"பிள்ளைக காதுல விழப்போகுது. சும்மா இருங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. "பின் பக்கமாப் போ. முன் வாசல்ல போனா மேலேருந்து தெரியும்" என்றார், தணிந்த குரலில்.

பின்கட்டில் கீழ் வீட்டு அம்மா கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார். "ஆஜ் தோ சுட்டி தீ நா?" என்று கேட்டார். இன்றைக்கு உனக்கு லீவுதானே என்று. ஆமாம் என்று தலையாட்டிவிட்டுச் சந்து வழியே சுற்றிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தேன். சூடு தணியாத தார் செருப்பில் ஒட்டியது. நிறுத்தத்தில் பால்காரர் ஒருவரும் இரண்டு கல்லூரிப் பையன்களும் நின்றார்கள். மேலேயிருந்து தெரியாதபடி அவர்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பஸ் வந்தது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். இறங்கிய கூட்டத்தோடு நானும் நடக்க ஆரம்பித்தேன். கண்டக்டர் என்னையே பார்த்தார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஆனால் இறங்கியவளைப்போலப் போகிறாளே என்று நினைத்திருப்பார்.

முக்காடு போட்டுக்கொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்தேன்.

பால்கனியில் இரண்டு தலைகள். ஒன்று கம்பிக்கு மேலே, ஒன்று கம்பிக்கு நடுவே. பின்னால் அவர், கையைக் கட்டிக்கொண்டு. சின்னவன்தான் முதலில் கண்டான். "ஆ கயீ! ஆ கயீ!" என்று, வந்துவிட்டாள் வந்துவிட்டாள் என்று, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அடுத்த நொடி பால்கனியில் அவர் மட்டும் நின்றார். மாடிப்படியில் காலடிகள் தடதடவென்று இறங்கின.

மற்ற நாட்களில் கதவைத் திறந்து வைப்பதோடு நின்றுவிடுகிறவர்கள், அன்று செருப்பில்லாமல் தெருவுக்கே ஓடி வந்தார்கள். சின்னவன் என் முழங்காலைக் கட்டிக்கொண்டான். பவுடர் புடவையில் அப்பியது. பெரியவள் என் தோளிலிருந்து கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்; அது அவள் முழங்கால்வரை தொங்கியது. ஓட்டைப் பல் தெரிய என்னைப் பார்த்து, கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டாள்:

"பஸ்ல உக்கார எடம் கெடச்சுதாம்மா?"

"எங்கட்டி கெடச்சுது? நின்னுக்கிட்டேதான் வந்தேன்" என்றேன்.